கருப்பாத்தாள் விரட்டிய காக்கைகள்

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் குடியிருந்த கருப்பாத்தாள் அக்காவுக்குக் காக்கை மட்டும் ஆகாது. மற்ற எந்தப் பறவை வந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். கொய்யா மரக் கிளையில் ஒரு பாதிக் கொட்டாங்குச்சியைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மில்லுக்குப் போகும் முன் தினமும் அதில் ஒரு கை கம்பு போடுவார். சிட்டுக்குருவிகள் விளிம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடிக்கொண்டே தின்னும். கீழே சிந்துவதைத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து பொறுக்கும். அணிலும் வரும். காக்கை வந்தால் மட்டும் அக்கா துவைக்கிற கல்லில் சாத்தி வைத்திருக்கும் மூங்கில் குச்சியை எடுப்பார். எறிய மாட்டார். குச்சியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். காக்கை போகும் வரை அந்தக் கை இறங்காது.

பீளமேட்டில் எங்கள் தெருவில் காலையில் எல்லா வீட்டுச் சுவர் மேலும் காக்கைக்குச் சோறு இருக்கும். எங்கள் சுவரில் இருக்காது. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனால் அக்கா மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறவர். அவரும் வைக்காதது தெருவுக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் பின்வாசலுக்கு எதிர்வீட்டு ராமாமணி அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏம்மா கருப்பாத்தா, குருவிக்கெல்லாம் கம்பு வாங்கிப் போடறே. காக்கா உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதுக்குப் பெரிய வாயிங்க. எல்லாத்தையும் அதே தின்னுபோடும்" என்றார் அக்கா.

என்னிடம் வேறு மாதிரிச் சொன்னார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கொடியில் துணி காயப்போட வந்தபோது குச்சியோடு நின்றிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"காக்கா நம்ம ஊட்டுச் சோத்துல வாய் வெச்சுதுன்னா, இந்த ஊட்டுல ஆரோ செத்துட்டாங்கன்னு அர்த்தமுங்க அம்மணி. எங்க ஊட்டுல ஆரும் சாவுல."

அவருடைய கணவர் ராசப்பன் மாட்டு லாரியில் போகிறவர். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகளைக் கேரளத்துக்கு ஏற்றிப்போகும் லாரியில், பின்னால் மாடுகளோடு நின்றபடி போய், இறக்கிவிட்டுத் திரும்புவது வேலை. அப்படிப் போனவர் ஒரு தடவை திரும்பவில்லை. லாரி ஓட்டிய ஷேக் பரீத் மறுநாள் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். பாலக்காடு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்களாம். டீ குடித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போன ராசப்பன் வரவில்லையாம்.

"ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்தேங்க. மாடெல்லாம் கத்த ஆரம்பிச்சிருச்சு. எறங்கித் தேடாத எடமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, ஷேக் பரீத் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

அக்கா அவரோடு அதே லாரியில் அந்த டீக்கடைக்குப் போய்வந்தார். கடைக்காரருக்கு ராசப்பனை ஞாபகம் இருந்தது. தீப்பெட்டி கேட்டார், கொடுத்தேன், அவ்வளவுதான் என்றார். ஆஸ்பத்திரிகளுக்கும் போலீஸ் ஸ்டேஷன்களுக்கும் போனார்கள். சண்டை சச்சரவு ஏதும் இல்லை. பிணமும் கிடைக்கவில்லை. மகள் வசந்தாமணி அப்போது ஆறாம் வகுப்பு.

அதன் பிறகு அக்கா மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் வீட்டுக்குக் குடிவந்ததும் அப்போதுதான். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால் "வெளியூருங்க" என்பார். தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்து, மஞ்சள் தடவி, பெட்டியில் வைப்பார். அடுத்த தீபாவளிக்கு அதன் மேல் இன்னொன்று. பொட்டு வைப்பார், பூ வைப்பார், தாலிச்சரட்டுக்கு மஞ்சள் பூசுவார். எல்லாவற்றையும் பல் விளக்குவது போலச் செய்வார். ஓடுகிற நூலைத் தொட்டுத் தொட்டு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற வெந்நீர்க் குண்டாவைத் துணி இல்லாமல் இறக்கி வைப்பார். சுடவில்லையா என்று என் அம்மா ஒருமுறை பதறினார். "தெரியிலீங்க" என்றார் அக்கா.

வசந்தாமணி பிளஸ் டூ முடித்து, தையல் கற்றுக்கொண்டு, ஒரு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். தொண்ணூற்று ஆறில் வெள்ளகோவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். அவருக்கு அப்பா இல்லை. எல்லாம் பேசுவது தாய்மாமன் செங்கோட்டையன்தான். பருத்த மனிதர், வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். அக்கா வீட்டில் இடம் போதாது என்று எங்கள் முன்னறையில்தான் பேச்சு நடந்தது. ராசப்பனின் தம்பி காளிச்சாமியும் அவர் மனைவி சுப்பாத்தாளும் வந்திருந்தார்கள்.

"பையனுக்குப் புள்ளையப் புடிச்சிருக்குதுங்க. புள்ளைக்கும் புடிச்சிருக்குது. அதுல ஒண்ணுமில்லீங்க. பத்திரிகைதானுங்க இடிக்குது" என்றார் செங்கோட்டையன்.

"பத்திரிகையில என்னங்க?" என்றார் காளிச்சாமி.

"உங்கண்ணன் இருக்கறாருன்னா ராசப்பன்னு போடோணும். அவுரு மணவறைக்கு வந்து தாரை வாக்கோணும். இல்லீன்னா தெய்வத்திரு ராசப்பன்னு போடோணும். ரெண்டுக்கும் நடுவுல போடறதுக்கு அச்சாபீசுல எழுத்து இல்லீங்க."

காளிச்சாமி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

"பன்னெண்டு வருசம் கழியோணும், அப்பறந்தான் கணக்குன்னு எங்கூர்ல சொல்லுவாங்க" என்றார்.

"அது வரைக்கும் மாப்பிள்ளைய மணவறையிலயே உக்கார வெச்சுப்போடலாங்களா?"

பிறகு காளிச்சாமி ஒரு வழி சொன்னார். ஆடி அமாவாசை வருகிறது. அண்ணன் பேரைச் சொல்லி இலை போட்டுப் படைத்து, காக்கைக்கு வைப்போம். காக்கை எடுத்தால் அண்ணன் இல்லை. எடுக்காவிட்டால் எங்கோ இருக்கிறார்.

"எடுக்கலீன்னா நாங்க வேற எடம் பாக்கறமுங்க, கோவிச்சுக்கக் கூடாது" என்றார் செங்கோட்டையன். "அப்பன் உசுரோட இருந்தும் கலியாணத்துக்கு வராத ஊட்டுல பொண்ணெடுத்தா, எங்கூர்ல கேக்கறவனுக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியாதுங்க. அன்னிக்கு நானே வந்து கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். காக்கை எடுத்தால் மகள் கல்யாணம் நடக்கும், இவர் தாலியைக் கழற்ற வேண்டும். எடுக்காவிட்டால் தாலி இருக்கும், கல்யாணம் இருக்காது.

"செரிங்க" என்றார் அக்கா. "இன்னும் கொஞ்சம் காப்பி கொண்டாறட்டுங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"காக்கா எடுத்துச்சுன்னா நீ மணவறைப் பக்கமே வரக்கூடாதாம். சித்தப்பாவும் சித்தியுந்தான் நிப்பாங்களாம்" என்றாள் வசந்தாமணி.

"நின்னுக்கட்டும்."

"நீ இல்லாம எனக்கு எதுக்கும்மா கலியாணம்?"

"அந்தப் பையன் நல்ல பையன். உனக்கும் புடிச்சிருக்குது."

"உனக்குன்னு ஒண்ணுமே இல்லியா?"

"அந்தப் பாவாடையை நல்லாப் புழி. தண்ணி சொட்டுது பாரு."

அந்த நாட்களில் கொய்யா மரத்தில் ஒரு பறவைக் குஞ்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. குஞ்சு என்றாலும் பெரியது. கறுப்பு, வால் நீளம், இறக்கையில் மாவு தெளித்தது போல வெளிர் புள்ளிகள். ஒரு காக்கை மின்கம்பியிலிருந்து இறங்கி வந்து அதற்கு ஊட்டிவிட்டுப் போகும். குயில் குஞ்சு என்று அப்பா சொன்னார். காக்கைக்கு அது தெரியவில்லை. அந்த ஒரு காக்கை வந்தபோது மட்டும் அக்கா குச்சியைத் தொடவில்லை. கையைத் தொங்கவிட்டபடி, அது ஊட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆடி அமாவாசையன்று அக்கா மில்லுக்கு லீவு சொல்லியிருந்தார். விடிந்ததிலிருந்து அடுப்பு எரிந்தது. வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, வடை, பாயசம். செங்கோட்டையன் வெள்ளகோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். பெட்டிக்குள் இருந்த ராசப்பன் படத்தைக் காளிச்சாமி எடுத்துத் துடைத்து நாற்காலியில் வைத்தார். ஏதோ திருவிழாவில் எடுத்த படம். ராசப்பன் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். காளிச்சாமி அதற்கு ஒரு சாமந்தி மாலை போட்டார். அக்கா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். மாலையைக் கழற்றி, சுருட்டி, படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காக்கா எடுத்த பொறவு போட்டுக்கலாங்க."

காளிச்சாமி இலை நறுக்கப் போனார்.

பின்வாசல் சுவர் மேல் இலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தார்கள். காளிச்சாமி "கா, கா" என்று கூப்பிட்டார். ராமாமணி அம்மா வீட்டுச் சுவரில் காக்கைகள் வடைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டு பறந்து வந்து எங்கள் வீட்டுத் தென்னையில் உட்கார்ந்தன. அக்காவைப் பார்த்தன. திரும்பிப் போய்விட்டன.

செங்கோட்டையனும் கூப்பிட்டார். அவர் குரல் பெரியது. தென்னையில் இருந்த அணில் ஓடியது.

"எட்டு வருசமாக் குச்சிய நீட்டிப்போட்டு இன்னிக்கு வா வான்னா, அது என்ன மாமனா மச்சானா, ஓடி வாரதுக்கு?" என்றார் சுப்பாத்தாள்.

"நீ சித்த பொட்டாட்டம் இரு" என்றார் காளிச்சாமி.

"நானென்ன பொய்யா சொல்றேன்? தெருப் பூராத்துக்கும் இன்னிக்குப் படையலு. எதிரூட்டுல தின்னுட்டு ஏப்பம் உட்டுட்டு உக்காந்திருக்குது. இங்க எதுக்கு வருது?"

"மொத பஸ்சு ஏறுனவனுங்க நான், பச்சத்தண்ணி பல்லுல படல" என்றார் செங்கோட்டையன். "இப்படீன்னு தெரிஞ்சிருந்தா எங்கூர்க் காக்கா ஒண்ணக் கையோட கூட்டியாந்திருப்பேன்."

வெயில் ஏறியது. சோற்றில் எறும்பு வந்தது. காளிச்சாமி மூங்கில் குச்சியை எடுத்து வீட்டுக்குள் ஒளித்துவைத்தார். ஆட்களைப் பார்த்துப் பயப்படுகிறது, எல்லோரும் உள்ளே வாருங்கள் என்றார். வீட்டுக்காரிதான் வைக்க வேண்டும் என்று அக்காவை மட்டும் வெளியே நிற்கச் சொன்னார். அக்கா நெய் விட்டுப் பிசைந்த ஓர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். வசந்தாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதை வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்தேன். அங்கிருந்து கொய்யா மரம் கை நீட்டினால் எட்டும்.

குஞ்சு இலைகளுக்குள் கத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதற்கு யாரும் ஊட்டவில்லை போலிருக்கிறது. கிளையில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து, சட்டென்று கொட்டாங்குச்சியின் மேல் விழுந்தது. அது குருவிகளுக்கான இடம். கொட்டாங்குச்சி கவிழ்ந்தது. கம்பு முழுவதும் அக்காவின் தலையில் கொட்டியது. குஞ்சு இறக்கையை அடித்துக்கொண்டு கீழே வந்தது. அக்காவின் முன்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

அக்கா அசையவில்லை.

அது வளையலுக்கு மேலே நகத்தைப் பதித்து, உடம்பைக் குறுக்கி, இறக்கைகளை நடுங்கவிட்டு, அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தது. வாயின் உள்பக்கம் சிவப்பாக இருந்தது. அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய வாய். கத்திக்கொண்டே இருந்தது. அக்கா அந்த உருண்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளி, ஆள்காட்டி விரலால் அதன் தொண்டைக்குள் வைத்தார். வாய் விரலோடு சேர்த்து மூடிக்கொண்டது. பிறகு விட்டது. மறுபடி திறந்தது.

"அண்டங்காக்கா!" என்று உள்ளேயிருந்து காளிச்சாமி கத்தினார். "அண்டங்காக்கா எடுத்துருச்சு!"

"கத்தாதீங்க, ஓடீரும்" என்றார் செங்கோட்டையன். அவரும் கத்தித்தான் சொன்னார்.

மின்கம்பியில் இருந்த காக்கை அப்போது இறங்கியது. குச்சியைப் பார்த்திராத அந்த ஒரு காக்கை. அக்காவைச் சட்டை செய்யாமல் சுவரில் உட்கார்ந்து, இலையிலிருந்து பருப்புச் சோற்றை ஒரு வாய் கவ்வியது. குஞ்சு அக்காவின் கையிலிருந்து சுவருக்குத் தாவியது. காக்கை சோற்றை அதன் வாயில் திணித்தது. இன்னொரு வாய் எடுத்தது. அதையும் திணித்தது. பிறகு இரண்டும் பறந்து ராமாமணி அம்மா வீட்டு முருங்கை மரத்துக்குப் போய்விட்டன.

எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"அது அண்டங்காக்கா இல்லீங்க. குயில் குஞ்சு. ரெக்கையில புள்ளி இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றார் சுப்பாத்தாள்.

"குயில ஆரு கணக்குல சேத்தறாங்க? அப்பறம் வந்தது காக்காதான?" என்றார் காளிச்சாமி.

"காக்காதான். ஆனா அது தின்னலியே. கவ்விக் குயிலுக்கல்ல குடுத்துருச்சு."

"கவ்வுனா வாய் வெச்ச மாதிரிதான்."

"பந்தியில நீங்க எடுத்துப் பக்கத்து எலையில வெச்சா, உங்க வவுறு நெறஞ்சிருமா?"

"எடுத்துச்சா இல்லியா? அதச் சொல்லு."

"எடுத்துச்சு. தின்னல."

செங்கோட்டையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு ஆருகிட்டப் போயிப் பஞ்சாயத்து வெக்கறதுங்க? வெள்ளகோவில்ல காக்கா வரும், திங்கும், போகும். கோயமுத்தூர்ல காக்காயும் வில்லங்கம் புடிச்சதா இருக்குது." பிறகு அக்காவிடம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்கதானுங்க கிட்டத்துல இருந்தீங்க. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். காக்கா தின்னுச்சுங்களா?"

அக்கா தன் முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் பட்ட இடத்தில் கோடுகள் சிவந்திருந்தன. தலையில் கம்பு ஒட்டியிருந்தது. வசந்தாமணி கதவை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை.

"தின்னுச்சுங்க" என்றார்.

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. கடைசி வாய் அதே முழுங்கீருச்சு. எல்லாரும் உக்காருங்க. சோறு ஆறிப்போச்சு."

ஜன்னலில் இருந்து நான் பார்த்தேன். கடைசி வாயையும் குயில்தான் விழுங்கியது.

அக்கா உள்ளே போனார். சுருட்டி வைத்திருந்த மாலையை எடுத்துப் பிரித்து, கூலிங் கிளாஸ் போட்ட ராசப்பனுக்குத் தன் கையால் போட்டார். மாலை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்தார். பிறகு இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தார். செங்கோட்டையன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வாழைக்காய் வறுவலை மெச்சினார். வசந்தாமணிக்குப் பூ கொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் அக்கா அடிபம்படியில் பாத்திரம் தேய்த்தார். நான் தண்ணீர் அடித்துக் கொடுத்தேன். பாயசப் பாத்திரம் அடிப்பிடித்திருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் சொன்னார்.

"அதோட தொண்டை சூடா இருந்துச்சுங்க அம்மணி."

"விரல்ல தெரிஞ்சுதாக்கா?"

"தெரிஞ்சுது."

தாலியைக் கழற்றுவதற்கு ஒரு நாள் பார்க்க வேண்டும், நாலு பேர் வர வேண்டும் என்று சுப்பாத்தாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் மில்லுக்குப் போனபோது கழுத்தில் சரடு இல்லை. நெற்றியில் பொட்டும் இல்லை. ராமாமணி அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொட்டாங்குச்சியில் கம்பு வழக்கம் போல இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் தெய்வத்திரு ராசப்பன் என்று போட்டிருந்தார்கள். தாரை வார்க்கக் காளிச்சாமியும் சுப்பாத்தாளும் நின்றார்கள். அக்கா மண்டபத்தின் பின்னால், இலைக்கட்டு வைத்திருந்த அறையில் இருந்தார். அம்மா என்னை அவருக்குத் துணையாக அனுப்பியிருந்தார். கெட்டிமேளம் கேட்டபோது அக்கா இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. அது முடிந்ததும் வசந்தாமணி மாலையும் கழுத்துமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யார் தடுத்தும் கேட்காமல் அந்த அறைக்கு வந்துவிட்டாள். குனிந்து அக்காவின் காலைத் தொட்டாள். அக்கா அவள் தலையில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

"போ, தேடுவாங்க" என்றார்.

வசந்தாமணி வெள்ளகோவில் போன பிறகு அக்கா ஒற்றை ஆளுக்குச் சமைத்தார். காலையில் முதல் கரண்டிச் சோற்றைச் சுவர் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பார். இனி வைக்கத்தானே வேண்டும். காக்கைகள் வரவில்லை. குயில் குஞ்சு அதற்குள் தானாகத் தின்னக் கற்றுக்கொண்டு எங்கோ போய்விட்டது. அதற்கு ஊட்டிய காக்கையும் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா மில்லுக்குப் போவார். சோற்றைத் தவிட்டுக்குருவிகள் தின்றுவிடும்.

மூங்கில் குச்சி காளிச்சாமி ஒளித்த இடத்திலேயே, அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. கார்த்திகையில் ஒரு நாள் காலை நான் பல் விளக்க வந்தபோது, தென்னையில் ஒரு காக்கை இருந்தது. கீழே சுவரில் சோறு. பக்கத்தில் அக்கா. அவர் இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கை தெரிய முன்னால் நீட்டியிருந்தார். காக்கை தலையைச் சாய்த்து அந்தக் கைகளை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறு கண்ணால் பார்த்தது.

"வருதுங்களா அக்கா?" என்றேன்.

"ரோசனை பண்ணுது" என்றார்.

மில் சங்கு ஊதியது. அவர் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காக்கை இன்னும் அங்கேயே இருந்தது.